சைக்கிள் பிறேமில் கேபிள் கிளிப் பூட்டுவதற்கு முன்

பின் பிறேக் பிடிக்குதில்லை என்று கடைக்கு வரும் பல சைக்கிள்களில் பிறேக் கட்டை நல்லாகத்தான் இருக்கும். பிழை, கேபிள் பிறேமோடு பூட்டப்பட்ட விதத்தில் இருக்கும். கம்பிப் பிறேக்கை (கேபிள் இல்லாமல் இரும்புத் தண்டால் இழுபடுவது) கழற்றிக் கேபிள் பிறேக் போட்ட பழைய பெரிய சைக்கிள்களிலும், பெயின்ற் அடிக்கக் கழற்றியபோது கிளிப் தொலைந்துபோனவற்றிலும் இதை அடிக்கடி காணலாம்.

பிறேமில் கேபிளுக்கென்று இருக்கும் துண்டுகள் இரண்டு வகை. கிளிப்புக்கு அவுட்டரை, அதாவது கேபிளின் வெளி உறையை, பைப்போடு பிடித்து வைத்திருப்பது மட்டுமே வேலை. ஸ்டொப்பர் வேறு. அவுட்டர் அதில் முட்டி நிற்கும், அங்கிருந்து உறைக்குள் இருக்கும் இன்னர் வயர் மட்டும் வெறுமையாக ஓடும். பிறேக்கை அழுத்தும்போது இன்னரில் எவ்வளவு இழுவை வருகிறதோ, அவ்வளவு விசையோடு அவுட்டர் ஸ்டொப்பரைத் தள்ளும். லீவர் கைவிசையை மூன்று நான்கு மடங்காக்குவதால், 10 கிலோ அழுத்தினால் அங்கே 30, 40 கிலோ விழும். அந்த இடத்தில் கேபிள் டை கட்டினால் கொஞ்ச நாளில் வழுக்கும்; லீவர் ஹாண்டிலைத் தொட்டாலும் சில்லு நிற்காது.

ஸ்டொப்பர் இல்லையென்று வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம். சாதாரண இரும்புச் சைக்கிளின் பைப் தடிப்பு 1.5 மில்லிமீற்றர் அளவுதான். நல்ல பிறேம்களின் நடுப்பகுதி 1 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆர்க் வெல்டிங் அதைச் சுலபமாகத் துளைத்துவிடும். துளை விழாவிட்டாலும் பைப்பின் உட்பக்கம் வெந்து, கறள் அங்கேதான் தொடங்கும். அலுமினியப் பிறேம் என்றால், தொழிற்சாலையில் சூடேற்றிக் கொடுத்த பலம் அந்த இடத்தில் போய்விடும். ட்ரில் போட்டு ரிவெட் அடிப்பதும் வேண்டாம். பைப் வெடிப்பு விடுவது இப்படியான ஓட்டைகளிலிருந்துதான். இரும்புப் பிறேமில் ஸ்டொப்பர் ஒட்டுவதென்றால் வெள்ளிப் பற்றாசு (வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கி ஒட்டுவது) தெரிந்தவர், பெயின்ற் அடிப்பதற்கு முன் ஒட்ட வேண்டும். பித்தளைப் பற்றாசுக்கு 900 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும், வெள்ளிக்கு 650 அளவு போதும்.

நாங்கள் சொல்லும் வழி இலகுவானது: லீவரிலிருந்து பின் பிறேக் வரை ஒரே அவுட்டராகப் போடுங்கள். அப்போது கிளிப் மட்டும் போதும். கல்லடி, காத்தான்குடி, பொத்துவில் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் மணலும் இன்னரைத் தொடாமல் இருப்பதும் பெரிய லாபம்.

கிளிப் வாங்கும் முன் பைப்பைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு அளந்து பாருங்கள். சுற்றளவு 80 மில்லிமீற்றர் என்றால் விட்டம் 25.4 மில்லிமீற்றர் கிளிப், 90 என்றால் 28.6, 100 என்றால் 31.8. பெரிய கிளிப்பை வாங்கி நெரித்துப் பூட்டினால் பைப்பில் பள்ளம் விழும். கிளிப்புக்கு அடியில் பழைய ரியூப்பில் வெட்டிய ஒரு பட்டி வைத்தால் பெயின்ற் உரியாது, கிளிப்பும் சுழலாது.

முதல் கிளிப் ஹாண்டில் கழுத்திலிருந்து 7, 8 சென்ரிமீற்றர் தள்ளி வரட்டும். அதன்பின் 15 முதல் 20 சென்ரிமீற்றருக்கு ஒன்று. இடைவெளி கூடினால் லீவரை அழுத்தும்போது அவுட்டர் வில்லாக வளையும், பிடிக்கும் விசையில் ஒரு பங்கு அந்த வளைவிலேயே போகும். பிள்ளையை முன் பாரில் இருத்திப் போகிறவர்கள் கிளிப்பைப் பாரின் அடிப்பக்கம் பூட்டுங்கள். மேலே இருந்தால் ஸ்குரூத் தலை பிள்ளையின் தொடையில் கீறும்.

அவுட்டரை வெட்டும் முன் ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கமும் அவுட்டர் இழுபடக்கூடாது. வெட்டிய முனையை அரத்தால் மட்டமாக்கி, அவுட்டருக்குள் நசுங்கிய உள்ரியூப்பை ஊசியால் விரித்து, முனைக்கு மாட்டும் தொப்பி போட்ட பிறகே லீவருக்குள் செருக வேண்டும். சரிவாக வெட்டிய முனை உள்ளே சாய்ந்து, பிறேக் சவ்வுமிட்டாய் போல இழுபடும்.

கிளிப் ஸ்குரூவை இறுக்குவதிலும் ஒரு அளவு உண்டு. விரலால் இழுத்தால் அவுட்டர் நகரக்கூடாது, அவ்வளவுதான். அதற்கு மேல் முறுக்கினால் அவுட்டர் நசுங்கி இன்னர் சிக்கும். விட்ட லீவர் மெதுவாகத் திரும்புகிறது என்றால் எண்ணெய் விடும் முன் கிளிப்பைத் தளர்த்திப் பாருங்கள். கடைசியில் லீவரைப் பத்துத் தடவை பலமாக அழுத்தி, தொப்பிகள் இருந்து கொண்ட பிறகு கேபிளை ஒருமுறை திரும்ப இறுக்குங்கள்.

அவசரத்துக்குக் கிளிப்புக்குப் பதிலாகக் கேபிள் டை போடுவதென்றால் கறுப்பு டை போடுங்கள். வெள்ளை டை நம்மூர் வெயிலில் காய்ந்து முறியும். ரப்பர்ப் பட்டிக்குள் உப்பு ஈரம் தேங்கும், ஆகவே மாரி முடிந்ததும் தை மாதமளவில் கிளிப்பைக் கழற்றி, நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துப் பூட்டுங்கள்.

இன்னொன்று. பிறேக் அவுட்டரும் கியர் அவுட்டரும் ஒன்றல்ல. பிறேக்குக்குரியது 5 மில்லிமீற்றர், உள்ளே கம்பி சுருளாக இருக்கும். கியருக்குரியது பெரும்பாலும் 4 மில்லிமீற்றர், கம்பிகள் நீளவாக்கில் கிடக்கும். மிஞ்சிய கியர் அவுட்டரைப் பிறேக்குக்குப் போட்டால், திடீர் பிறேக் அடிக்கும்போது அது வெடித்துப் பிளக்கலாம். கடையில் கேட்கும்போது எதற்கென்று சொல்லியே வாங்குங்கள்.