மஞ்சள் பட்டைக்காரர் எத்தனையாவது வருவார்? நாஸ்கார் புதுமுகங்களைக் கணிக்கும் கணக்கு

அமெரிக்க நாஸ்கார் கார் பந்தயங்களின் உச்சமான கப் தொடரில் முதல் சீசன் ஓட்டுகிறவரின் காரில், பின் பம்பரில் மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கும். முன்னால் போகிறவர் புதியவர், கொஞ்சம் பார்த்து வாருங்கள் என்று பின்னால் வருபவர்களுக்குச் சொல்லும் அடையாளம் அது. அந்தப் பட்டைக்காரர் சீசன் முடிவில் புள்ளிப் பட்டியலில் எங்கே நிற்பார்? பிப்ரவரியில் சீசனின் முதல் பந்தயமான டேடோனா 500 நெருங்கும்போது அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத ரசிகரே இருக்க மாட்டார். பந்தயம் கட்டும் நிறுவனங்கள், ஃபேண்டசி ஆட்டக்காரர்கள், அணிகளுக்காக வேலை செய்யும் புள்ளியியல்காரர்கள் என்று இதையே தொழிலாகச் செய்பவர்களும் உண்டு.

கணிப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. எல்லாரும் ஓட்டுநரை எடை போடுகிறார்கள். முடிவைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு காருடையது.

ரிக்கி ஸ்டென்ஹவுஸ் ஜூனியரைப் பாருங்கள். கப் தொடருக்கு ஒரு படி கீழே இருக்கும் தொடரில் 2011, 2012 என்று அடுத்தடுத்து இரண்டு முறை சாம்பியன். 2013-ல் கப் தொடருக்கு வந்தார். புதுமுக விருது கிடைத்தது, ஆனால் ஒரு வெற்றிகூட இல்லை; புள்ளிகளில் 19-ஆம் இடம். முதல் வெற்றிக்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம் ஜிம்மி ஜான்சன். கீழ்த் தொடரில் அவர் வென்றிருந்தது ஒரே ஒரு பந்தயம். அந்தப் பதிவை மட்டும் வைத்துக் கணித்தவர் அவரை இருபதுக்குக் கீழேதான் போட்டிருப்பார். 2002-ல் முதல் முழு சீசனிலேயே 3 வெற்றி, 5-ஆம் இடம்.

வித்தியாசம் எங்கே? ஜான்சன் ஏறியது ஹெண்ட்ரிக் அணியின் கார். முந்தைய ஆண்டின் சாம்பியன் ஜெஃப் கார்டன் அதே அணியில் இருந்தார். 1999-ல் புதுமுகமாக வந்து 3 பந்தயம் வென்று 4-ஆம் இடம் பிடித்த டோனி ஸ்டீவர்ட்டின் சக ஓட்டுநர் பாபி லபாண்டி அந்த ஆண்டு இரண்டாமிடம், மறு ஆண்டு சாம்பியன். 2006-ல் 3-ஆம் இடம் வந்த டென்னி ஹாம்லின் சேர்ந்ததும் அதே ஜோ கிப்ஸ் அணியில்தான்; அப்போது நடப்பு சாம்பியனே ஸ்டீவர்ட். மூவரும் அபாரமான ஓட்டுநர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மூவரும் வந்து உட்கார்ந்தது, ஏற்கெனவே முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்த அணிகளின் கார்களில். ஸ்டென்ஹவுஸ் சேர்ந்த ரௌஷ் அணியோ அப்போது இறங்குமுகத்தில் இருந்தது.

சரி, காரையும் ஓட்டுநரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கொள்கையளவில் கணக்கு எளிது. ஒரு பந்தய முடிவை நான்கு துண்டுகளின் கூட்டலாக வைத்துக்கொள்வார்கள்: ஓட்டுநர், அணி, தடத்தின் வகை, அதிர்ஷ்டம். முதல் இரண்டையும் பிரிக்கக் கை கொடுப்பது இரண்டு வகைத் தகவல்கள். ஒன்று, ஒரே அணியில் ஓட்டும் இருவருக்கு இடையிலான இடைவெளி. கார் ஏறக்குறைய ஒன்று என்பதால் மிச்சம் ஓட்டுநருடையது. இன்னொன்று, அணி மாறும் ஓட்டுநர்கள். ஒருவர் அ அணியிலிருந்து ஆ அணிக்குப் போய் சராசரியாக ஆறு இடம் முன்னேறினால், இரண்டு கார்களுக்கும் உள்ள தூரம் ஓரளவு தெரிந்துவிடும். இப்படி நூற்றுக்கணக்கான மாற்றங்களைச் சங்கிலியாகக் கோத்தால் எல்லா அணிகளையும் ஒரே அளவுகோலில் நிறுத்தலாம்.

புதுமுகத்துக்கு இந்தச் சங்கிலியில் கண்ணி கிடையாது. கப் தொடரில் அவர் யாருடனும் கார் மாற்றிக்கொண்டதில்லை. அவரை இணைக்கும் ஒரே பாலம் கீழ்த் தொடர். அங்கே கப் ஓட்டுநர்கள் அவ்வப்போது இறங்கி வந்து ஓட்டுவதுண்டு. கைல் புஷ் மட்டுமே அந்தத் தொடரில் 102 பந்தயங்கள் வென்றிருக்கிறார். இளைஞர்களின் வெற்றியைப் பிடுங்கிக்கொள்கிறார் என்று ரசிகர்கள் அவரைத் திட்டினாலும், கணிப்பவனுக்கு அவர் ஒரு வரம்: கப் தொடரில் அவர் தரம் என்ன என்று தெரியும், அதனால் அவரோடு மோதிய இளைஞர்களின் தரத்தையும் ஊகிக்க முடியும். கப் ஓட்டுநர்கள் ஒரு சீசனில் எத்தனை முறை இப்படி இறங்கலாம் என்பதற்கு நாஸ்கார் பிறகு வரம்பு வைத்தது. இளைஞர்களுக்கு நல்லது, கணக்குக்குத் தகவல் குறைந்தது.

ரஞ்சிக் கோப்பையில் ரன் குவித்தவர் டெஸ்டில் என்ன செய்வார் என்று கேட்பது போன்ற கேள்விதான் இது. ஆனால் இங்கே மட்டையும் மாறுகிறது. 2022-இல் கப் தொடருக்கு வந்த 'நெக்ஸ்ட் ஜென்' காரில் சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டு, 18 அங்குல ரிம், பின்பக்கச் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், முன்னும் பின்னும் தட்டி மாற்றும் கியர். கீழ்த் தொடரின் கார் பழைய மரபில் வந்தது: ஐந்து நட்டு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே பின் அச்சு. அந்தக் காரில் பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால் ஓட்டுநருக்கு முன்கூட்டியே சேதி வரும், திருத்த நேரம் இருக்கும். புதிய கார் அந்த எல்லையைத் தாண்டியதும் சட்டென்று சுழன்றுவிடுகிறது என்று பல ஓட்டுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். பந்தய நீளமும் வேறு. டார்லிங்டனில் கப் தொடரின் சதர்ன் 500 என்பது 367 சுற்று. கீழ்த் தொடர் அங்கே ஓடுவது 147 சுற்று. டயரைத் தின்னும் அந்தத் தளத்தில், இருநூறாவது சுற்றுக்கு மேல் காரும் உடம்பும் எப்படி இருக்கும் என்பது புதுமுகத்துக்குத் தெரியாத பாடம். போதாததற்கு, 2020-க்குப் பிறகு பயிற்சி ஓட்ட நேரம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஒரு காலத்தில் வார இறுதி முழுக்க ஓட்டிப் பார்த்துப் பழகியதை இப்போது சிமுலேட்டரில் பழக வேண்டும்.

இனி அதிர்ஷ்டம். இதை எல்லாருமே குறைத்து மதிப்பிடுகிறார்கள். 36 கார் ஓடும் பந்தயத்தில் முடிவுகளைக் குலுக்கல் போட்டுத் தீர்மானித்தால், ஒருவருடைய இடங்களின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 10.4 வரும். நிஜத்தில் ஒரு நடுத்தர ஓட்டுநரின் ஏற்ற இறக்கம் இதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பிறர் விபத்தில் சிக்குவது, டயர் வெடிப்பது, டயர் மாற்ற நிற்கும் பிட் நிறுத்தத்தில் நட்டு முறுக்க ஒரு நொடி கூடுதலாவது என்று காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஏற்ற இறக்கத்தை 9 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பந்தயங்களின் சராசரி, உண்மைத் தரத்திலிருந்து நான்கு இடம் தள்ளிப்போவது சர்வ சாதாரணம். 36 பந்தயம் முடிந்த பிறகும் ஒன்றரை இடம் பிசகும்.

அதனால் நல்ல கணிப்பு மாதிரிகள் முதல் சில முடிவுகளை முழுசாக நம்புவதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு. இந்த அணியில், இந்த வகைப் பின்னணியுடன் வருபவரின் எதிர்பார்ப்பு சராசரி 22-ஆம் இடம் என்று வைப்போம். அந்த எதிர்பார்ப்புக்கு 15 பந்தயத்துக்குச் சமமான எடை கொடுக்கிறோம். முதல் ஐந்து பந்தயங்களில் அவர் சராசரியாக 14-ஆம் இடம் வந்துவிட்டார். தொலைக்காட்சியில் புகழ்ந்து தள்ளுவார்கள். மாதிரியின் பதில்: 15 முறை 22, 5 முறை 14, கூட்டி 20-ஆல் வகுத்தால் 20. இரண்டே இடம்தான் உயர்த்தும். 25 பந்தயம் வரை அதே 14-ஐக் காப்பாற்றினால் மதிப்பீடு 17-க்கு வரும். சலிப்பூட்டும் பதில்தான். ஆனால் மார்ச் மாதப் பரபரப்பைவிட இதுதான் பெரும்பாலும் நவம்பருக்கு அருகில் இருக்கும்.

எந்த எண்ணை நம்புவது என்பதும் முக்கியம். முடித்த இடத்தைவிட, பந்தயம் முழுக்க எந்த இடத்தில் ஓடினார் என்ற சராசரி மேலான சாட்சி. தடத்துக்கு அடியில் புதைத்த உணரிகள் ஒவ்வொரு காரும் கடக்கும் நேரத்தைப் பதிவு செய்கின்றன. 2005 முதல் நாஸ்கார் அந்தத் தகவலை வைத்து 150 உச்சமாகக் கொண்ட ஓட்டுநர் மதிப்பெண்ணும் தருகிறது. ஜோயி லொகானோவின் முதல் வெற்றி இதற்கு நல்ல சாட்சி. 2009-ல் நியூ ஹாம்ப்ஷயரில், மழை வரும் என்று நம்பி அவருடைய அணி பிட்டுக்குப் போகாமல் தடத்திலேயே ஓட விட்டது. 301 சுற்றில் 273-ஆவதோடு மழை பந்தயத்தை முடித்து வைத்தது. 19 வயதில், கப் வரலாற்றின் மிக இளைய வெற்றியாளர். அந்த சீசனில் அவர் முடித்த இடம் 20. அதே அணியின் ஹாம்லின் 5, கைல் புஷ் 13. அந்த ஆண்டின் லொகானோ யார் என்று கேட்டால், கோப்பையைவிட இந்த மூன்று எண்கள்தான் நேர்மையாகச் சொல்லும். ஆனால் அவை பின்னாளைச் சொல்லவில்லை. லொகானோ பிறகு மூன்று முறை சாம்பியன் ஆனார். முதல் சீசன் கணிப்பும் எதிர்காலக் கணிப்பும் வெவ்வேறு வேலைகள். ஜான்சன் 3 பந்தயம் வென்ற அந்த 2002-ல்கூட புதுமுக விருது ஒரே வெற்றி பெற்ற ரயன் நியூமனுக்குத்தான் போனது; ஏழு சாம்பியன் பட்டங்கள் ஜான்சனுக்கு.

தடங்களின் வகைக்கு வருவோம். ஷேன் வான் கிஸ்பெர்கன் எல்லா மாதிரிகளையும் திணற வைத்தவர். நியூசிலாந்துக்காரர், ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸ் தொடரில் மூன்று முறை சாம்பியன். 2023-ல் சிகாகோ தெருப் பந்தயத்தில் தன் முதல் கப் ஓட்டத்திலேயே வென்றார். 2025-ல் 36 வயதில் முழுநேரப் புதுமுகம். அந்த ஆண்டு அட்டவணையில் வளைவும் திருப்பமுமாக இருக்கும் சாலைத் தடங்கள் ஆறு. அதில் ஐந்தை வென்றார். மெக்சிகோ சிட்டியில் இரண்டாமவரை 16 விநாடிக்கு மேல் பின்னால் விட்டார். மற்ற பெரும்பாலானவர்கள் இடது காலால் பிரேக் மிதிக்க, இவர் மூன்று பெடலையும் இரு காலால் கையாளும் பழைய பாணிக்காரர். அதே மனிதர் முட்டை வடிவ ஓவல் தடத்தில் முதல் முறை பத்துக்குள் வந்தது சீசனின் கடைசிப் பகுதியில், கான்சஸில். இவருடைய சராசரி இடம் என்று ஒரு எண் சொன்னால், அது எந்த வகைத் தடத்திலும் அவரைச் சரியாகக் காட்டாது.

எனவே மாதிரி ஒரே திறமையை அளக்காமல் மூன்று நான்கு திறமைகளை அளக்க வேண்டும். டேடோனா, டல்லடேகா, அட்லாண்டா வகைத் தடங்களில் கார்கள் ஒட்டி ஒட்டி ஓடுவதால் குலுக்கலின் பங்கு அதிகம். ஆஸ்டின் சிண்ட்ரிக் 2022-ல் புதுமுகமாக டேடோனா 500-ஐயே வென்றார். அடுத்த சீசனில் ஒரு வெற்றியும் இல்லை. ஸ்டென்ஹவுஸின் நான்கு கப் வெற்றிகளும் டேடோனாவிலும் டல்லடேகாவிலும்தான். மிச்சமுள்ள ஓவல்களே பெரும்பான்மை. புள்ளிகள் அங்கேதான் இருக்கின்றன.

ஃபார்முலா 1, இண்டி போன்ற ஒற்றை இருக்கைக் கார்களிலிருந்து வருபவர்களைக் கணிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் பாலமே இல்லை. இண்டி 500 வென்ற சாம் ஹார்னிஷ் கப் தொடரில் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. ஃபார்முலா 1-ல் வென்றவரான ஹுவான் பாப்லோ மொன்டோயா 2007-ல் புதுமுக விருது பெற்றார். அந்த சீசனில் வென்ற ஒரே பந்தயம் சொனோமா, அதுவும் சாலைத் தடம். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் 2010-ல் நாஸ்காரின் பிக்கப் டிரக் தொடரில் இறங்கினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் ஓட்டத்தில் 13-ஆம் இடம். அவருக்கு முன்னால் அங்கே ஓட்டிய இந்தியரே இல்லை என்னும்போது எந்த மாதிரியும் என்ன எதிர்பார்ப்பை வைத்துத் தொடங்கும்? அந்த ஆண்டு ரசிகர்கள் வாக்கில் டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராகத் தேர்வானார். அதைச் சத்தியமாக எந்தக் கணக்கும் கணித்திருக்காது.

2026-இன் பெரிய பெயர் கானர் ஸிலிஷ். 19 வயதில் டிராக்ஹவுஸ் அணியின் 88-ஆம் எண் காருக்கு அறிவிக்கப்பட்டவர். 2025-ல் கீழ்த் தொடரில் 10 வெற்றி. அங்கே அவர் ஓட்டிய அணியின் அனுபவசாலி ஜஸ்டின் ஆல்கேயரைவிட வெகு அதிகம் என்பதால் அது காரின் வேலை மட்டும் இல்லை. ஆனால் அந்தப் பத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணிசமானவை சாலைத் தடங்கள். டேடோனாவில் காரை எல்லைக் கோட்டுக்குக் கொண்டுபோனவர் பார்க்கர் கிளிகர்மன். ஸிலிஷ் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்ததால் தொடங்கி வைத்துவிட்டு இறங்கிக்கொண்டார். தொடங்கியவர் பெயரில்தான் வெற்றி பதிவாகும் என்பது விதி. இவ்வளவு வென்றும் சாம்பியன் பட்டத்தைக் கடைசி ஒரே பந்தயத்தில் ஜெஸ்ஸி லவ்விடம் இழந்தார்.

விதியும் மாறிவிட்டது. 2025 வரை ஒரு வெற்றி கிடைத்தால், பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசிப் பந்தயங்களான பிளேஆஃபின் கதவு திறந்துவிடும். வான் கிஸ்பெர்கன் அப்படித்தான் உள்ளே போனார். 2026 முதல் அந்தக் கதவு இல்லை. வெற்றிக்கு 55 புள்ளி, ஆனால் கடைசிப் பத்துப் பந்தயங்களுக்குப் போகும் 16 பேரைப் புள்ளிகள்தான் தேர்ந்தெடுக்கும். சாலைத் தடத்தில் கெட்டிக்காரரான புதுமுகத்துக்கு இது கஷ்டமான ஏற்பாடு. இருப்பதை வைத்து சீசனைப் பத்தாயிரம் முறை கணினியில் ஓட்டிப் பார்த்தால் வரும் விடை ஒரு எண்ணாக இருக்காது, அகலமான ஒரு பட்டையாக இருக்கும். ஸிலிஷுக்கு என் ஊகம் 14-லிருந்து 26-க்குள், நடுவில் 20-ஐ ஒட்டி. இடையில் ஒரு சாலைத் தடத்தில் அவர் வென்றால் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த வெற்றிக்காக ஊகத்தை மாற்றவும் மாட்டேன்.

நல்லவேளையாக அவருக்கு இரண்டு அளவுகோல்கள் அதே அணியில் இருக்கின்றன. சாலைத் தடத்துக்கு வான் கிஸ்பெர்கன், ஓவலுக்கு ராஸ் சேஸ்டெய்ன். 2025-ல் சார்லட்டின் 600 மைல் பந்தயத்தில், பயிற்சியில் மோதிய காரை விட்டுவிட்டு மாற்றுக் காரில் 40-ஆவது இடத்திலிருந்து தொடங்கி வென்றவர் சேஸ்டெய்ன். ஸிலிஷைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் ஒன்றரை மைல் ஓவல்களில் அவரும் சேஸ்டெய்னும் ஓடும் சராசரி இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். கோடைக்குள் அந்த இடைவெளி மூன்று, நான்கு இடத்துக்குள் சுருங்கினால், 20 என்ற என் ஊகத்தைத் தாராளமாக மேலே தள்ளுங்கள்.