பரப்புரை: ‘புரொபகண்டா’ என்ற சொல்லும் போர்க்காலக் கார்ட்டூன்களும்

‘புரொபகண்டா’ என்றால் பொய்ப் பிரச்சாரம் என்றுதான் இன்று பலர் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் சொல்லின் வேரில் பொய் இல்லை. லத்தீனில் ‘புரொபகாரே’ என்பது பதியன் போட்டுச் செடிகொடியைப் பெருக்குவதைக் குறித்த வினை. அதிலிருந்து வந்த ‘புரொபகண்டா’ என்றால் ‘பரப்பப்பட வேண்டியது’. 1622-இல் போப் பதினைந்தாம் கிரகோரி, கத்தோலிக்க நம்பிக்கையைப் பரப்ப ஒரு பேராயத்தை நிறுவினார். அதன் பெயரில் இருந்த சொல்தான் மற்ற மொழிகளுக்கும் போனது. முதல் உலகப் போரில் அரசுகள் கட்டுக்கதைகளை அள்ளிவிட்ட பிறகு, ஆங்கிலத்தில் அதன்மேல் கறை அழுத்தமாகப் படிந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து நகைச்சுவைக் கார்ட்டூன்களைப் பார்த்தால் இந்தச் சொல்லின் முழு அகலமும் தெரியும். அமெரிக்க இராணுவம் 1943 முதல் 1945 வரை தன் சிப்பாய்களுக்கு மட்டும் காட்டிய ‘பிரைவேட் ஸ்நாஃபு’ தொடரை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் வார்னர் பிரதர்ஸ் தயாரித்த குறும்படங்கள் இவை. எழுதியவர்களில் ஒருவர், ‘டாக்டர் சூஸ்’ என்ற பெயரில் குழந்தைகளுக்கு எழுதிய தியோடர் கைசல். பல படங்களை இயக்கியவர் சக் ஜோன்ஸ். ஸ்நாஃபு எதையும் தப்பாகவே செய்யும் சிப்பாய். கொசுவைப் பொருட்படுத்தாமல் மலேரியாவில் விழுவான். இரகசியத்தை உளறிக்கொட்டித் தன் கப்பலுக்கே ஆபத்தைத் தேடிக்கொள்வான். சிரிப்புக்குள் இருந்த அறிவுரை உண்மையானது, சிலர் உயிரையும் காத்திருக்கும். ஆனாலும் அது புரொபகண்டாதான்.

அதே 1943-இல், அதே நிறுவனத்திலிருந்து ‘டோக்கியோ ஜோக்கியோ’ என்ற கார்ட்டூன் வந்தது. ஜப்பானியர் எல்லோரும் துருத்திய பல்லும் தடித்த கண்ணாடியுமாக, மனிதர் என்றே எண்ண முடியாதபடி வரையப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில்தான் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்கா முகாம்களில் அடைத்து வைத்திருந்தது. இதை வெறும் கேலி என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

ஜப்பானும் சும்மா இருக்கவில்லை. மிட்சுயோ செயோ இயக்கி 1943-இல் வெளிவந்த 37 நிமிடப் படத்தில், நாட்டுப்புறக் கதை நாயகன் மோமோதாரோ தலைமையில் விலங்குகள் அரக்கர் தீவின்மேல் குண்டு வீசும். அது 1941-இல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தின்மேல் ஜப்பான் நடத்திய தாக்குதல் என்று குழந்தைக்கும் புரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பிரச்சாரம்’ சமஸ்கிருத வழி வந்தது. தேர்தல் மேடையில் நன்றாக ஊறிவிட்டது. ‘பரப்புரை’ தமிழ்ச் சொல். ஈழத்திலும் தமிழகத்திலும் வழங்குகிறது. பரப்பும் உரை என விரியும் வினைத்தொகை என்பதால் லத்தீன் வேருக்கும் நெருக்கமானது. படம் எப்படி உரையாகும் என்று கேட்கலாம். இந்தக் கார்ட்டூன்கள் சிப்பாய்க்கும் சிறுவனுக்கும் ஒரு கருத்தை உரைக்கத்தான் வரையப்பட்டன, ஆகவே பொருந்தும்.

‘பொய்ப் பரப்புரை’ என்று பொதுப்பெயராக வைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். ஸ்நாஃபு அதற்குள் அடங்கமாட்டான். பொதுவாகப் ‘போர்க்காலப் பரப்புரைப் படம்’ என்போம். ‘டோக்கியோ ஜோக்கியோ’ போன்றவற்றை ‘வெறுப்புப் பரப்புரை’ என்றே எழுதலாம்.