கடமை தவறினால் உரிமை போய்விடுமா?

"வரி கட்டாதவர்களுக்கும் ஓட்டுப் போடாதவர்களுக்கும் அடிப்படை உரிமைகள் கிடையாது." பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வின் சமூக அறிவியல் விடைத்தாள்களைச் சரிபார்க்கும்போது கண்ணில் பட்ட வரி இது. எழுதிய பிள்ளையின் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் டிக் போட்டு முழு மதிப்பெண்ணும் கொடுத்திருந்தாரே, அவர்மேல்தான். இது முதல் தடவையாக இருந்திருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். வருஷா வருஷம் இதே கதை.

"உரிமையும் கடமையும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள்" என்று எல்லாக் கைடிலும் இருக்கிறது. நெடுவினாவுக்கு முன்னுரையாகப் பிள்ளைகள் அதைத்தான் எழுதுகிறார்கள். அதோடு நின்றால் பரவாயில்லை. அங்கிருந்து ஒரே தாவில் "கடமையைச் செய்யாதவனுக்கு உரிமை கேட்கத் தகுதி இல்லை" என்பதற்குப் போய்விடுகிறார்கள். பெரியவர்கள் வீட்டிலும் வகுப்பிலும் பேசுவதும் அதுதானே! ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசியலமைப்பு 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது மூன்றாம் பகுதியில் அடிப்படை உரிமைகள் இருந்தன. அடிப்படைக் கடமைகள் என்று ஒரு பகுதியே அப்போது கிடையாது. கடமைகளையும் சேர்க்கலாம் என்ற சுவரண் சிங் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 1976-இல் 42-வது திருத்தத்தின் வழியாகத்தான் கடமைகளைப் பட்டியலிடும் 51அ பிரிவு வந்தது. அப்போது கடமைகள் பத்து. பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோரின் கடமை பதினொன்றாவதாக 2002-இல் சேர்ந்தது. கடமையைச் செய்தால்தான் உரிமை என்றால், 1950 முதல் 1976 வரை இந்த நாட்டு மக்கள் எதைச் செய்து உரிமை பெற்றார்கள்?

இன்னொன்று. அந்தப் பதினொரு கடமைகளையும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். வரி கட்டுவது அதில் இல்லை. சுவரண் சிங் குழு அதைப் பரிந்துரைத்தது, ஆனால் திருத்தத்தில் அது இடம்பெறவில்லை. ஓட்டுப் போடுவதும் அந்தப் பட்டியலில் இல்லை. வரி ஏய்த்தால் வரிச் சட்டம் பார்த்துக்கொள்ளும். அபராதம் உண்டு, சிறையும் உண்டு. ஆனால் அப்படிச் சிறைக்குப் போனவருக்கும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-வது பிரிவு இருக்கிறது, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது. சிறையில் இருக்கும்வரை அவரால் ஓட்டுப் போட முடியாது என்பது உண்மை. அது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்வது. ஓட்டுரிமை மூன்றாம் பகுதியிலேயே இல்லை, 326-வது பிரிவில் இருக்கிறது என்பதையும் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் தவறாகத்தான் எழுதுகிறார்கள். அது தனிக் கதை.

"இதையெல்லாம் சொன்னால் பிள்ளைங்க கெட்டுப் போயிடும் சார், அப்புறம் எதுக்கெடுத்தாலும் உரிமைன்னு நிப்பாங்க" என்று ஆசிரியர் அறையில் சொல்வார்கள். நிற்கட்டுமே! பொது இடத்தைப் பாழாக்கக் கூடாது, நீர்நிலையைக் காக்க வேண்டும் என்பதெல்லாம் தன்னளவிலேயே நல்ல காரியங்கள். அவற்றைக் கற்றுக்கொடுக்க உரிமையைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டத் தேவையில்லை.

சரி, தேர்வில் நாம் என்ன கேட்கிறோம்? "நீதிப்பேராணைகள் எத்தனை? அவை யாவை?" உரிமையைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணைகள்தான் இவை. போன முறை ஒரு மாணவி ஐந்தையும் பிசகில்லாமல் எழுதியிருந்தாள். அதே தாளில், புக் பேக்கில் இல்லாத ஒரு கேள்வியும் வைத்திருந்தேன்: "முந்தாநாள் இரவு உன் அண்ணனைப் போலீஸ் அழைத்துச் சென்றது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. என்ன செய்வாய்?" அவள் எழுதிய பதில்: "தலைமை ஆசிரியரிடம் மனு கொடுப்பேன்." கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற 22-வது பிரிவையும் அவள் படித்திருக்கிறாள். இரண்டு பக்கம் முன்னால் எழுதிய ஆட்கொணர் நீதிப்பேராணை, அதாவது பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் ஆணை, இதற்குத்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பாடத்தை முடித்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

இப்படி யோசிக்கவைக்கும் கேள்வியாக நான் அடிக்கடி கொடுப்பது கேரளத்தில் நடந்த ஒரு வழக்கை. மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் மத நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கிவிட்டது. தீர்ப்பைச் சொல்லாமல் இதுவரை மட்டும் கொடுத்து, "நீக்கியது சரியா?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் சரி என்பார்கள், தேசிய கீதத்தை மதிப்பது கடமை என்று 51அ-வையும் மேற்கோள் காட்டுவார்கள். யாராவது ஒரு பிள்ளை, பெரும்பாலும் கடைசி பெஞ்சில் இருப்பது, "அவங்க எழுந்து நின்னாங்களே, அதுவே மரியாதைதானே" என்று எழுதும். 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னபோது சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. பிரிவு எண் ஒன்றுகூட எழுதாத அந்த விடைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். நீக்கியது சரி என்று எழுதியவருக்கும், இரண்டு பக்க நியாயத்தையும் எடைபோட்டிருந்தால் குறைக்க மாட்டேன். நாம் திருத்துவது அந்தப் பிள்ளையின் யோசனையை. தேசபக்திக்கு மார்க் போட நம்மை யாரும் நியமிக்கவில்லை.

தகவல் அறியும் உரிமை மனுவை வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே செயல்பாடுகளுக்குப் போடும் மதிப்பெண்ணுக்கு, எழுதச் சொல்லிப் பாருங்கள். சார்ட் ஒட்டுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. "தெருவிளக்கு ஏன் எரியவில்லை?" என்று எழுதி வருவார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்திடம் பதிவில் உள்ள தகவலைத்தான் தரும், விளக்கம் சொல்லாது. ஆகவே, விளக்குப் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, அதற்கான ஆவண நகல் என்று மாற்றி எழுதவைக்க வேண்டும். அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறு. "எங்கள் தெருவில் வயதானவர்கள் இருக்கிறார்கள், ஆகவே தயவுகூர்ந்து" என்று அரைப் பக்கம் காரணம் எழுதுவார்கள். காரணம் கேட்கவே கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 6(2) பிரிவு. அந்த அரைப் பக்கத்தை அடிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் தயங்குவார்கள், "மரியாதை இல்லாம இருக்காதா டீச்சர்?" என்பார்கள். உரிமை என்பதை இன்னும் தயவாகத்தான் நினைக்கிறார்கள் என்பது எந்த நெடுவினாவையும்விட இந்தத் தயக்கத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

சக ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். "யாவை?" என்று முடியும் கேள்விகளை ஒரு மதிப்பெண் பகுதியோடு நிறுத்துங்கள். யூனிஃபார்ம் போடவில்லை, லேட்டாக வந்தான் என்று குடிமையியல் மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள். ஒழுங்கு நடவடிக்கை வேறு, பாட மதிப்பீடு வேறு. வகுப்புத் தலைவர் தேர்தல் என்று சொல்லிவிட்டு முதல் ரேங்க் பிள்ளையை நீங்களே நிறுத்தாதீர்கள். ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள், எல்லோர் கண் முன்னாலும் எண்ணுங்கள், தோற்றவர் எண்ணிக்கையை மறுத்தால் மறுபடி எண்ணுங்கள். வெளிநாட்டவர் ஒருவரை வைத்து ஒரு கேள்வி கண்டிப்பாகக் கேளுங்கள். சமத்துவம் சொல்லும் 14-ம், உயிர், சுதந்திரம் சொல்லும் 21-ம் அவருக்கும் உண்டு, பேச்சுரிமை போன்றவற்றைத் தரும் 19 குடிமக்களுக்கு மட்டும் என்ற வேறுபாடு அங்கேதான் உறைக்கும்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. அந்தத் தேசிய கீத வழக்குக்குப் பிள்ளை "நீக்கியது தப்பு" என்று எழுதி மதிப்பெண் வாங்கி வந்தால், "ஏன் சார் இப்படி எழுத விடுறீங்க" என்று பள்ளிக்கு வந்து நிற்காதீர்கள், தயவுசெய்து.

அடுத்த திருப்புதலுக்கு வினாத்தாள் எடுப்பவர்கள் விடைக்குறிப்பில் இந்த வரியைச் சேர்த்துவிட்டால் திருத்துகிறவருக்கும் குழப்பம் இருக்காது: "முடிவு எதுவாயினும், காரணம் பொருந்தினால் மதிப்பெண் வழங்குக. பிரிவு எண் தவறாக இருந்தால் அரை மதிப்பெண்ணுக்கு மேல் குறைக்க வேண்டாம். கடமை செய்யாதவருக்கு உரிமை இல்லை என்ற விடைக்கு மதிப்பெண் இல்லை."