அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்

2024 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. கடை ஷட்டரைத் தூக்கும்போதே ஓர் அம்மாவும் மகனும் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்கள். 150 சிசி வண்டி, மூன்று வருடம் ஓடியது. வாங்கி அன்றைக்கு ஐந்தாவது நாள். அம்மா நூல் மில்லில் வேலை பார்க்கிறவர். சீட்டு எடுத்த பணம் 62 ஆயிரத்தை அப்படியே எண்ணிக் கொடுத்து மகனுக்கு வாங்கித் தந்திருக்கிறார். “தம்பி, செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. மீட்டர் லைட்டும் விட்டு விட்டு எரியுது. பேட்டரியா இருக்கும்னு சொல்றாங்க, பாருங்க” என்றார்.

பேட்டரி இல்லை. சீட்டைக் கழற்றி ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் அடியில் நைசான வண்டல், வற்றிய கண்மாய்த் தரை மாதிரி வெடித்துக் காய்ந்து கிடந்தது. வயரிங் கனெக்டர்களைப் பிரித்தேன். உள்ளே பின் எல்லாம் பச்சை பூத்திருந்தது. ஹெட்லைட் கண்ணாடிக்குள் தண்ணீர் நின்ற கோடு. வண்டி தூத்துக்குடி நம்பர். 2023 டிசம்பரில் அந்தப் பக்கம் எப்படி மழை பெய்தது, தாமிரபரணி எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். மூழ்கிய வண்டியைத் தூக்கி, வாட்டர் சர்வீஸ் விட்டு, பாலிஷ் போட்டு, சந்தை விலையைவிடப் பத்தாயிரம் குறைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். விற்றவர் போனை எடுக்கவில்லை. வயரிங்கை மாற்றி, பிரேக் பிரித்து, இன்ஜின் ஆயிலை மூன்று முறை மாற்றி ஓட வைத்தோம். மேற்கொண்டு 18 ஆயிரம் செலவு.

முதல் நாளே கொண்டுவந்து காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். திண்டுக்கல்லில் 22 வருடமாக வண்டி வேலை பார்க்கிறேன். வாங்கிய பிறகு வருகிறவர்கள்தான் அதிகம். வாங்கும் முன் வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த வண்டி என்பதற்கு முன்னால் யார் ஓட்டப் போவது, பின்னால் யார் உட்காரப் போவது என்று யோசியுங்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. ஸ்பிளெண்டர் 112 கிலோ. இந்த 83 கிலோ வித்தியாசம் நேர் ரோட்டில் தெரியாது. சந்துக்குள் திருப்பும்போதும், ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் நாலு வண்டிக்கு நடுவில் இருந்து உருவும்போதும், சிறுமலை ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதும் தெரியும். உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா என்று பாருங்கள். நுனி விரல்தான் எட்டுகிறது என்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம், எவ்வளவு பிடித்திருந்தாலும்.

பின்னால் உட்காருகிறவர் பெண் என்றால் சேலை கார்டைப் பாருங்கள். பின் சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே இருக்கிறது. பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் அது கழன்று போயிருக்கிறது. பையன்கள் அழகுக்காகக் கழற்றிவிடுகிறார்கள். செயினில் துப்பட்டா சுற்றிய வண்டியை நான் வெட்டி எடுத்திருக்கிறேன். அந்தப் பெண் பிழைத்துவிட்டார். கழுத்தில் இருந்த தடத்தை நான் மறக்கவில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான் அது.

சரி, புதுசா பழசா? ஒரு நாள் வண்டி நின்றால் வேலை கெடும், தினமும் 50 கிலோமீட்டர் ஓடியே ஆக வேண்டும் என்றால் 100 அல்லது 125 சிசியில் புது வண்டி வாங்குங்கள் என்பேன். படிக்கிற பையனுக்கு முதல் வண்டி என்றால் நாலைந்து வருடம் ஓடிய, ஒரே கையில் இருந்த வண்டி போதும். ஒன்றிரண்டு வருடமே ஓடிய வண்டியைப் பழசாக வாங்குவதில் இப்போது லாபம் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகிவிட்டது. வரிக்கு முந்தைய விலை ஒரு லட்சம் என்றால் வரியில் மட்டும் பத்தாயிரம் இறங்கியிருக்கிறது. விற்கிறவர் தான் வாங்கிய பழைய விலையை மனதில் வைத்துத்தான் பேசுவார். நீங்கள் ஷோரூமில் இன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

பழைய வண்டியில் வருடம் முக்கியம். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேல் உள்ள புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம்; பிரேக்கை அழுத்தினாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் அமைப்பு அது. 150 சிசி வாங்குவதானால் அதற்கு முந்தைய வண்டி ஐந்தாயிரம் குறைவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். முதல் மழையில் தார் ரோட்டில் பிரேக்கை அழுத்தும்போது அந்த ஐந்தாயிரத்தின் மதிப்பு தெரியும். 2020 ஏப்ரல் முதல் வந்தவை பி.எஸ்.6 என்ற புகை விதிக்கு ஏற்ற வண்டிகள், பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் எஃப்ஐ, அதாவது பெட்ரோலை அளந்து பீய்ச்சும் மின்னணு அமைப்பு. ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கும், ஆனால் கோளாறு வந்தால் ஸ்கேனர் வைத்திருக்கிற கடைக்குத்தான் போக வேண்டும். எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் சூடாகிக் கெடும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு வேறு பிரச்சினை. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைத் தேடி அலைகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. அந்த வண்டி உற்பத்தி நின்றது 1996இல். கடைசியாக வந்த வண்டிக்கே வயது முப்பதைத் தொடுகிறது. ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 15 வருடம்தான். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கி, புதுப்பிக்கப் போகும்போதுதான் சேசிஸ் நம்பர் ஒரு வண்டியுடையது, இன்ஜின் இன்னொரு வண்டியுடையது என்று தெரிகிறது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

இனி வண்டியைப் பார்க்கும் விதம். காலையில் போங்கள், சொல்லாமல் கொஞ்சம் முன்னாடியே போங்கள். போனவுடன் புறங்கையை இன்ஜின் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். ஜில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். அப்போது டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். ஆறிய இன்ஜின் பொய் சொல்லாது. ஸ்டார்ட் ஆனவுடன் சைலன்சரைப் பாருங்கள். லேசான வெள்ளை ஆவி வந்து நின்றுவிட்டால் பயமில்லை, அது ஈரம். ஊதா கலந்த புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் வந்து நின்றால் வால்வு சீல். ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் வரைக்கும் வேலை இருக்கிறது. ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை. டீ நிறத்தில் நுரைத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

டபுள் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘டொக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவது போல இருந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போயிருக்கிறது. அது சின்னச் செலவுதான். ஆனால் பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் இல்லை என்றால் அது அடி வாங்கிய வண்டி. ஹேண்டில் கழுத்துப் பக்கம் சேசிஸில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா, புதிதாக வெல்டிங் தெரிகிறதா என்று பாருங்கள். டிங்கரிங் வேலை எல்லாவற்றையும் மறைக்கும், அந்த இடத்தை மறைக்க முடியாது.

மீட்டரை நான் நம்புவதில்லை. பிரேக் பெடல் ரப்பரை, ஃபுட்ரெஸ்ட் ரப்பரை, சாவித் துவாரத்தைப் பார்ப்பேன். ரப்பர் வழவழவென்று தேய்ந்து கிடக்க, மீட்டர் 18 ஆயிரம் காட்டினால் யாரோ திருத்தியிருக்கிறார்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். மேலே பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடமான டயர் இறுகிப்போயிருக்கும், அதை மாற்றும் காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் கெட்டால் பணம் போகும். பேப்பர் கெட்டால் நிம்மதி போகும். என் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வு பெற்ற வாத்தியார். தன் வண்டியைப் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் கொடுத்து, பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்துக் கோர்ட்டில் இருந்து நோட்டீஸ். யாரோ அந்த வண்டியில் ஒருவரை இடித்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லை. ஆர்சியில் பெயர் இவருடையது. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. 70 வயதில் அவர் கோர்ட் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

விற்கிறவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்குகிறவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதுதான் சட்டம். நான் சொல்வது அதைவிடக் கறாரானது: பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ரசீதைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். அட்வான்ஸுக்கு முன்பே அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, ஃபைனான்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எது வரை, அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். “டியூ முடிஞ்சிருச்சுண்ணே” என்பார்கள். முடிந்திருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), ஆர்சியில் இருந்து ஃபைனான்ஸை நீக்கும் 35 எண் படிவமும் கையில் இருக்க வேண்டும். ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பரை வண்டியின் கழுத்தில் கொட்டியிருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பாருங்கள். அரம் போட்ட தடம் இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். வெளிமாநில நம்பர் என்றால் அங்கிருந்து என்ஓசி, இங்கே மறுபதிவு, வரி என்று செலவு நீளும்.

இன்சூரன்ஸில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று. 2018 செப்டம்பரில் இருந்து புது பைக்குக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். “அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு” என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். நம் வண்டிக்கு வரும் சேதம், திருட்டு இரண்டுக்கும் உள்ள காப்பீடு பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். அது முடிந்தது தெரியாமல் வண்டியைத் தொலைத்துவிட்டு வந்து அழுதவர்கள் உண்டு. பாலிசித் தாளில் இரண்டு தேதி இருக்கும், இரண்டையும் படியுங்கள். பழைய வண்டி வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். புது வண்டிக்கு ஷோரூமில் சொல்கிற இடத்தில்தான் இன்சூரன்ஸ் போட வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆன் ரோடு விலையைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ் என்று எழுதியிருப்பதில் வேண்டாததை அடித்துவிடலாம்.

போன வருடம் அந்த மில் அம்மாவின் தங்கை மகன் வந்தான். இந்த முறை வாங்குவதற்கு முன்னால். “பெரியம்மா உங்கள கூட்டிட்டுத்தான் போகணும்னு சொல்லிட்டாங்கண்ணே.” மூன்று வண்டி பார்த்தோம். முதல் வண்டியின் இன்ஜின் காலை ஏழு மணிக்கே சுட்டது. இரண்டாவது பளபளவென்று இருந்தது, ஆனால் ஃபைனான்ஸ் நிலுவை. மூன்றாவது ஒரு 2021 மாடல், 41 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது, டேங்கில் ஒரு நெளிசல். ஓட்டியவர் சர்வீஸ் பில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். முதல் கிக்கிலேயே பிடித்தது, புகை இல்லை. 48 சொன்னதை 44க்குப் பேசி முடித்தோம். ஆயில், செயின் ஸ்பிராக்கெட், முன் டயர், சேலை கார்டு என்று மேற்கொண்டு ஐயாயிரத்துச் சொச்சம். பெயர் மாறிய ஆர்சி தபாலில் வந்த அன்று அவன் தன் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கடைக்கு வந்து அதைக் காட்டினான். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது.