கிட்டார் பிக்கப்பின் வலுவும் தொனியும்

கோலாலம்பூரின் ஜாமிங் ஸ்டூடியோக்களில் மின்கிட்டார் வாசிக்கும் நம் இளைஞர்களில், தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பை "எத்தனை கிலோ ஓம்?" என்ற ஒரே கேள்வியால் எடைபோடுவோர் உண்டு. அந்த எண் சொல்வது கொஞ்சம். சொல்லாமல் விடுவதே அதிகம்.

பிக்கப்பினுள் ஒரு நிலைக்காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும் உள்ளன. காந்தம் தனக்கு மேலுள்ள எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுவதால், 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தத்தின் வலிமை, தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளி, அவ்விடத்தில் தந்தி அதிரும் வீச்சு ஆகிய அனைத்தும் சேர்ந்தே அந்த அழுத்தத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன.

கிலோ ஓம் என்பதோ கம்பியின் மின்தடை மட்டுமே. அதே எண்ணிக்கையில் இன்னும் மெல்லிய கம்பியைச் சுற்றினால் தடை ஏறும். அதனால் தந்தி எழுப்பும் அழுத்தம் ஏறிவிடாது. செப்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுவதால், 20 டிகிரியில் 8.0 கிலோ ஓம் காட்டும் பிக்கப், நம் ஊரின் 33 டிகிரி வெயிலில் 8.4 காட்டும். அந்த உயர்வை எந்தக் காதும் உணராது.

தொனியை உண்மையில் வடிவமைப்பது ஒத்ததிர்வு. சுருளின் தன்மின் தூண்டல் எண்ணும் (மின்னோட்ட மாற்றத்தை அது எதிர்க்கும் அளவு), சுருளிலும் கிட்டாரை ஒலிபெருக்கியோடு இணைக்கும் கேபிளிலும் உள்ள மின்தேக்குதிறனும் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டி, அதற்கு மேற்பட்டவற்றை வடிகட்டிவிடுகின்றன. ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றின் தூண்டல் எண் 2.4 ஹென்றி என்றும், ஐந்து மீட்டர் கேபிளையும் சேர்த்து மொத்த மின்தேக்குதிறன் 600 பிக்கோஃபாரட் என்றும் கொண்டால், அந்த உச்சி ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸில் அமையும். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் கொண்ட அதே வகைக் கேபிளைப் பத்து மீட்டராக்கினால், உச்சி 3,100 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, ஒலியின் பளிச்சென்ற கூர்மை மங்கும். பிக்கப்பைத் தொடாமலேயே தொனி மாறிவிடுகிறது என்பதே இத்துறையில் எனக்கு மிகவும் வியப்பூட்டும் உண்மை. ஒலிக்கட்டுப்பாட்டுத் திருகின் தடையும் இதில் பங்குகொள்கிறது: 250 கிலோ ஓம் திருகு அந்த உச்சியைத் தணிக்கும், 500 கிலோ ஓம் அதைக் கூடுதலாக எழவிடும்.

மலேசிய மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவு ஒற்றைச் சுருளில் இரைச்சலாக நுழைகிறது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955-இல் உருவாக்கிய ஹம்பக்கரில், காந்தத் துருவமும் இணைப்புத் திசையும் எதிரெதிரான இரு சுருள்கள் இருப்பதால், இரைச்சல் ஒன்றையொன்று அழிக்க, தந்தியின் ஒலி மட்டும் கூடுகிறது. ஆனால் தூண்டல் எண்ணும் உயர்வதால் உச்சி தாழ்ந்து, தொனி தடித்துக் கனக்கிறது.

ஆகவே புதிய பிக்கப் வாங்குமுன் கேபிளைக் குறுக்கிப் பாருங்கள். பிறகு ஸ்குரூடிரைவரால் பிக்கப்பின் உயரத்தைச் சற்றே மாற்றுங்கள். நெருக்கினால் வலு ஏறும். அளவுக்கு மீறினால் வலிய காந்தம் தந்தியையே இழுத்து, சுருதியைக் கலைத்து, நாதம் நீடிப்பதையும் குறைத்துவிடும்.