செயல் வாழிடம்: சொல்லும் பொருளும்

ஓர் உயிரினம் தன் சூழலில் பெறும் இடத்தையும் செய்யும் தொழிலையும் சூழலியலில் 'நிஷ்' (niche) என்பர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'நிஷ்' பிரெஞ்சுச் சொல். கூடு கட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது என்பர். வேர், கூடு எனப் பொருள்படும் 'நீடுஸ்' என்ற இலத்தீன் சொல். கட்டடக்கலையில் அது சுவரில் குடைந்த மாடம். உயிரியலுக்குள் 1910இல் ராஸ்வெல் ஜான்சன் கொண்டுவந்தார். ஜோசப் கிரின்னல் (1917) இடத்தையும் சூழலையும் அழுத்திச் சொன்னார். சார்லஸ் எல்டன் (1927) எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது என்ற தொழிலை முன்வைத்தார். ஹட்சின்சன் (1957) வெப்பம், உப்பு, இரை என ஒவ்வொன்றிலும் ஓர் இனம் தாங்கும் எல்லைகளின் தொகுப்பாக அதை வரையறுத்தார்.

ஆகவே 'மாடம்', 'சூழிடம்' என்று பெயர்த்தால் தொழில் விடுபட்டுவிடும். பாடநூல்கள் வழங்கும் 'செயல் வாழிடம்' இடம், தொழில் இரண்டையும் தாங்குகிறது. அதுவே சரியான சொல்.

எடுத்துக்காட்டாக, கன்னியாகுமரி மாவட்டக் கரையிலுள்ள முட்டம், கடியபட்டணம் பாறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வாழிடம் ஒன்றே. ஆனால் அலைத்துளி மட்டும் தெறிக்கும் உச்சியில் லிட்டோரினா குடும்பத்துச் சிறு நத்தைகள் பாறைமேல் படியும் நுண்பாசியைச் சுரண்டுகின்றன. அதற்குக் கீழே நெரிட்டா என்னும் நத்தை. பகலில் வெடிப்பில் ஒடுங்கி, பெரும்பாலும் இரவில் மேய்கிறது. இன்னும் கீழே, கடற்பாசி அடர்ந்த ஈரத்தில் டர்போ நத்தை. தாய்ஸ் என்னும் நத்தை பாசியைத் தொடுவதில்லை: அரம் போன்ற நாக்கால் சுரண்டியும் அமிலம் சுரந்தும் ஓட்டைத் துளைத்துச் சிப்பியையும் பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசையும் தின்கிறது.

இவற்றைக் கணக்கெடுக்க, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிக் கடல்நீர் வற்றும் வேளையில் மேலிருந்து கீழாகக் கயிறு கட்டி, 25 செ.மீ. சதுரச் சட்டத்தை வரிசையாக வைத்து எண்ண வேண்டும். இங்கே ஓத வேறுபாடு, அதாவது நீர் ஏறி இறங்கும் உயரம், ஒரு மீட்டருக்கும் குறைவு. சட்டத்தை ஒரு முழம் தள்ளி வைத்தாலே ஓர் இனம் வாழும் பட்டையே தவறிவிடும். பகலில் மட்டும் எண்ணினால் நெரிட்டா குறைவாகவே தென்படும்.

மரபுப் பல்வகைமைக்கு, அதாவது உயிரிகளின் மரபணு வேறுபாட்டுக்கு, இங்கே என்ன வேலை? ஓடு தேய்ந்து, பாசி மூடியிருந்தால் இரண்டு இனங்கள் ஒன்றாகத் தோன்றும். அவற்றைச் சேர்த்து அளந்தால் செயல் வாழிடம் பொய்யாக அகன்று தெரியும். இதைப் பிரித்துக் காட்ட, இனங்களை அடையாளம் காணப் பயன்படும், மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. (COI) மரபணுவில் ஏறத்தாழ 650 டி.என்.ஏ. எழுத்துகளை ஒப்பிடுகிறார்கள். மிதக்கும் இளவுயிரி உள்ள நெரிட்டாவில் ஒரே வரிசைகள் நெடுங்கரை முழுதும் கலந்திருக்கக்கூடும். சங்கின் குஞ்சு முட்டைக்கூட்டிலிருந்து ஊர்ந்தே வெளிவருவதால் அவ்வளவு கலப்புக்கு வழியில்லை.

இந்தச் சோதனைக்கு எடுக்கும் மாதிரியை ஃபார்மலினில் போடாதீர்கள், டி.என்.ஏ. சிதையும். 95 விழுக்காடு எத்தனாலே வேண்டும். அதிலும் முழு நத்தையை அப்படியே போட்டால் மூடியை இறுக்கிக்கொள்ளும், உள்ளே எத்தனால் போகாமல் சதை அழுகும். ஓட்டை உடைத்து, பாதத்திலிருந்து அரிசி அளவு வெட்டி, மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள்.