செத்த மீன் படமும் நீந்தாத பூச்சியும்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கோடு மாட்டிக்கொள்ளாத வடசென்னைக்காரர் குறைவு. அடுத்த முறை மாட்டினால், முன்னால் நிற்கும் பெட்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். சில பெட்டிகளில் சாய்சதுரமாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் பட்டுப்போன ஒரு மரம், பக்கத்தில் செத்த மீன். உள்ளே இருக்கும் சரக்கு தண்ணீரில் கலந்தால் அங்கே வாழும் உயிர்களுக்கு ஆபத்து என்பதற்கு உலகம் முழுக்க இதுதான் அடையாளம்.

படத்தில் இருப்பது மீன்தான். ஆனால் அந்த ஸ்டிக்கரை ஒட்ட வைத்தது மீனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு ரசாயனத்தின் உடனடி நச்சுத்தன்மையை மீன், பாசி, இறால் வகையைச் சேர்ந்த ஓர் ஓட்டுடலி என மூன்றிலும் சோதிப்பார்கள். மூன்றில் எது மிகக் குறைந்த அளவிலேயே விழுகிறதோ, அதன் கணக்குதான் செல்லும். லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்கும் குறைவோ போதும் என்றால் ஸ்டிக்கர் உறுதி. பூச்சிக்கொல்லிகளில் பல தடவை முதலில் விழுவது, இந்த ஓட்டுடலி வகையில் வரும் டேப்னியா என்ற பொடி ஜீவன்.

டேப்னியாவை நேரில் பார்க்காதவர்கள் கொளத்தூருக்குப் போனால் அதன் உறவுக்காரனைப் பார்க்கலாம். வண்ணமீன் கடைகளில் குஞ்சு மீனுக்குத் தீனியாக மொய்னா விற்கிறார்கள். கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், தண்ணீர் முழுக்க ஒரு மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகள் விட்டு விட்டுத் துள்ளும். டேப்னியா மேக்னா அதே சாயலில் பெரியது, வளர்ந்த பெண் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். தலையின் இரு பக்கமும் உள்ள கிளைத்த உணர்கொம்புகள்தான் அதற்குத் துடுப்பு. உடம்பு கண்ணாடி மாதிரி. லென்ஸ் வைத்தால் இதயம் படபடப்பதும், தின்ற பாசி குடலில் பச்சைக் கோடாக ஓடுவதும், முதுகுப் பையில் முட்டைகள் அடுக்கியிருப்பதும் தெரியும்.

மொய்னா வாங்குகிறவரிடம் கடைக்காரர் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "மெட்ரோ தண்ணில நேரா ஊத்திடாதீங்கண்ணா, குளோரின்ல எல்லாம் காலி. ஒரு நாள் வெச்சு ஊத்துங்க." தண்ணீரில் உள்ள நஞ்சுக்கு முதலில் ஆடிப்போவது இந்தப் பூச்சிதான் என்பதைத் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. எவ்வளவு குளோரின், எத்தனை மணி நேரத்தில், நூற்றுக்கு எத்தனை பூச்சி என்று யாராவது கேட்டால்தான் ஆய்வுக்கூடம் தேவைப்படுகிறது.

அதற்கான நடைமுறையை ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1984-இல் வகுத்தது, 2004-இல் திருத்தியது. வழிகாட்டி எண் 202. பிறந்து 24 மணி நேரம் தாண்டாத டேப்னியா குஞ்சுகளை ரசாயனம் கலந்த தண்ணீரில் 48 மணி நேரம் விட்டு, எத்தனை நீந்துகின்றன என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான் சோதனை. சிரமமெல்லாம் அந்த எண்ணிக்கையை நம்பும்படி செய்வதில்தான் இருக்கிறது.

முதலில் குஞ்சுகள். சூழல் நன்றாக இருக்கும்வரை பெண் டேப்னியாவுக்கு ஆண் தேவையில்லை. தன் அச்சு நகலாகப் பெண் குஞ்சுகளையே ஈன்றுகொண்டிருக்கும். எல்லாம் ஒரே மரபணு என்பதால், ஒன்று பிழைத்து இன்னொன்று விழுந்தால் பரம்பரை வித்தியாசம் என்று சாக்குச் சொல்ல முடியாது. நெருக்கடி வந்தால்தான் ஆண்கள் பிறக்கும், கெட்டியான உறைக்குள் முட்டைகள் வரும். வளர்ப்பு ஜாடியில் இவை தென்பட்டாலே அந்த ஜாடி சோதனைக்கு ஆகாது. முதல் ஈற்றுக் குஞ்சுகளையும் சேர்ப்பதில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஜாடியில் உள்ள குஞ்சுகளை எல்லாம் வடித்து எடுத்துவிட்டால், மறுநாள் காலையில் கிடைப்பவை ஒரு நாளுக்குள் பிறந்தவை.

கடையில் வாங்கிய மொய்னாவை டம்ளரில் விட்டு இதைச் செய்தால் என்ன என்று தோன்றும். செய்யலாம், சுவாரசியமாகவும் இருக்கும். ஆனால் கவரில் கிழடும் குஞ்சும் கலந்திருக்கும், வரும் வழியில் எவ்வளவு வாடியது என்றும் தெரியாது. கிடைக்கும் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட வழியில்லை.

குஞ்சுகளை எடுக்க அகலமான வாய் கொண்ட பிப்பெட் வேண்டும். அதன் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திய பிறகுதான் விட வேண்டும். மேலிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்று புகுந்துவிடும். அப்புறம் அது கார்க் மாதிரி மிதக்கும், நீந்தாது. நஞ்சால் நீந்தவில்லையா, நம் கை அவசரத்தால் நீந்தவில்லையா என்பது யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 20 குஞ்சுகள், வழக்கமாகக் குவளைக்கு ஐந்தாக நான்கு குவளை. ஒரு குஞ்சுக்குக் குறைந்தது 2 மில்லிலிட்டர் தண்ணீர். செறிவுகள் குறைந்தது ஐந்து, ஒவ்வொன்றும் முந்தையதைப்போல 2.2 மடங்குக்குமேல் போகாதபடி. வெப்பநிலை 18 முதல் 22 டிகிரிக்குள், ஒரே சீராக. சென்னை மே மாதத்தில் இந்த ஒரு வரிக்காகவே ஏசியும் ஜெனரேட்டரும் வேண்டும். சாப்பாடு கிடையாது. கொடுமையாகத் தோன்றினாலும் காரணம் உண்டு: பாசியைப் போட்டால் ரசாயனத்தில் ஒரு பங்கு பாசியில் ஒட்டிக்கொள்ளும். புதுக் குஞ்சு உடம்பிலுள்ள கொழுப்பை வைத்து இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும்.

24-ஆவது மணியிலும் 48-ஆவது மணியிலும் குவளையை மெல்ல அசைத்து, 15 விநாடி பார்க்கிறார்கள். அதற்குள் நீந்தாத குஞ்சு 'அசைவற்றது' என்ற கணக்கில் போகும். உணர்கொம்பு லேசாகத் துடித்தாலும் சரி, இடத்தை விட்டு நகரவில்லை என்றால் அசைவற்றதுதான். சாவை ஏன் எண்ணவில்லை? ஒரு மில்லிமீட்டர் உயிர் செத்துவிட்டதா என்று முடிவு செய்ய ஆளுக்கு ஆள் வேறுபடும். நீந்துகிறதா, இல்லையா என்பதில் இரண்டு பேர் சண்டை போட அதிகம் இடமில்லை. குளத்தில் நீந்த முடியாத டேப்னியா அடியில் கிடக்கும், தின்னாது, எதிரியிடமிருந்து தப்பாது, எனவே இந்த அளவுகோல் அதன் வாழ்க்கைக்கும் பொருந்துகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம் என ஐந்து செறிவுகளில், இருபதுக்கு முறையே 0, 3, 9, 17, 20 குஞ்சுகள் விழுந்தன என்று வையுங்கள். சரிபாதியை வீழ்த்தும் அளவு 4-க்குச் சற்று மேலே இருக்கிறது. இந்த அளவைத்தான் ஈசி50 என்கிறார்கள். நூற்றுக்குப் பத்துப் பேரை வீழ்த்தும் அளவையோ எல்லாரையும் வீழ்த்தும் அளவையோ எடுக்காமல் நடுவை எடுப்பதற்குக் காரணம், செறிவு ஏற ஏற எத்தனை விழுந்தன என்று கோடு வரைந்தால் அந்த வளைவு நடுவில்தான் செங்குத்தாக ஏறுகிறது, அங்கே கணிப்பின் பிழை குறைவு. ஓரங்களில் ஒரே ஒரு மொண்டிக் குஞ்சு கணக்கையே புரட்டிவிடும். ஈசி50 சின்னதாக இருந்தால் நஞ்சு பெரியது, இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறவர்கள் நிறைய. இன்னொன்று, அந்த அளவு பாதுகாப்பான அளவே அல்ல. பாதிப் பேர் விழுந்த இடம் அது.

ரசாயனமே போடாத குவளைகளும் வரிசையில் நிற்கும். அவற்றில் நூற்றுக்குப் பத்துக்குமேல் விழுந்தால் மொத்தச் சோதனையையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். தவிர, அவ்வப்போது பொட்டாசியம் டைகுரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பைக் கொடுத்துப் பூச்சிகளையே பரீட்சிப்பார்கள். அதற்கு 24 மணி நேர ஈசி50 லிட்டருக்கு 0.6-இலிருந்து 2.1 மில்லிகிராமுக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு வளர்ப்பில்.

தண்ணீரின் குணமும் கணக்கை மாற்றும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் தவித்தவர்களுக்குக் கடினத்தன்மை என்றால் என்னவென்று தெரியும். அதைக் கொடுக்கும் கால்சியம் டேப்னியாவுக்குக் கவசமாகிறது. தாமிரம் போன்ற உலோகம் டேப்னியா உப்பை உள்ளிழுக்கும் வாசலை அடைத்துக் கொல்கிறது. கால்சியம் நிறைய இருந்தால் அதே வாசலில் முந்திக்கொண்டு உட்கார்ந்துகொள்ளும், தாமிரத்துக்கு இடம் குறையும். ஆகவே ஒரே அளவு தாமிரம் மென்னீரில் அதிகமாகவும் கடின நீரில் குறைவாகவும் கொல்லும். கடினத்தன்மையைக் குறிப்பிடாத உலோக ஈசி50-ஐ நான் பொருட்படுத்த மாட்டேன்.

ரசாயனமும் போட்ட இடத்தில் இருப்பதில்லை. சிலது ஆவியாகும், சிலது கண்ணாடிச் சுவரில் ஒட்டும். அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் தண்ணீரை அளந்து பார்ப்பார்கள். எண்ணெய் என்றால் தலைவலி இன்னும் பெரிது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட எண்ணெயைக் குவளையில் ஊற்றினால் டேப்னியா மேலே உள்ள படலத்தில் சிக்கிக்கொண்டே விழும், அது நஞ்சின் வேலை ஆகாது. எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கி, நிற்கவிட்டு, அடித்தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதிக்க வேண்டும். அதோடு கழிமுகத்தில் ஓடுவது உப்புநீர். நன்னீர் டேப்னியாவின் எண்ணை அங்கே அப்படியே பொருத்த முடியாது, கடல்நீர் ஓட்டுடலிகளைத்தான் கூப்பிட வேண்டும்.

நம் நாட்டில் தொழிற்சாலைக் கழிவுநீருக்கான பொது விதி மீனை வைத்து எழுதப்பட்டது: வேறு தண்ணீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மீன் தாங்கும் பூச்சிக்கொல்லியை டேப்னியா தாங்காமல் போவது சகஜம். காரணம் எளிது, பூச்சியின் நரம்பைக் குறிவைத்துச் செய்த மருந்துக்கு ஓட்டுடலியின் நரம்பும் பூச்சியின் நரம்பு மாதிரிதான். கொசுப்புழுவுக்குப் போடும் டெமிபாஸ் டேப்னியாவையும் விட்டுவைப்பதில்லை.

டேப்னியாவும் ஏமாறும். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்துக்கு அதன் 48 மணி நேர ஈசி50 லிட்டருக்குச் சுமார் 85 மில்லிகிராம். அதை மட்டும் பார்த்தால் பரவாயில்லை ரகம். அதே மருந்து கைரோனோமஸ் என்னும் கடிக்காத ஈயின் புழுவுக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். கொளத்தூரில் மீன் தீனியாக விற்கும் சிவப்புப் புழுவும் இந்தக் குடும்பம்தான். சாக்கடை ஓரத்திலும் பிழைக்கும், காற்று குறைந்த சேற்றிலும் வாழும், அதன் சிவப்பே ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின். அப்படிப்பட்ட முரட்டு ஜென்மம் இங்கே டேப்னியாவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் நோஞ்சானாக இருக்கிறது. 2011-இல் ஓஇசிடி 235 என்ற எண்ணில் கைரோனோமஸ் புழுவுக்கும் 48 மணி நேரச் சோதனை ஒன்றைக் கொண்டுவந்தது. குவளையில் விடுவது முட்டையிலிருந்து வந்த முதல் பருவப் புழு, நிறமே பிடித்திருக்காது. பயிர்ப் பூச்சிக்கொல்லி என்றால் டேப்னியாவோடு நிறுத்தாமல் இன்னொரு கணுக்காலியிலும் சோதித்துக் காட்டும்படி ஐரோப்பிய ஒன்றியம் தன் 2013 விதிகளில் கேட்கிறது.